எண்ணும் உயிரும்

வருஷந்தோறும் பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியானதும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஒரு மந்திராலோசனை நடைபெறுகிறது. குழந்தையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதே விஷயம். தகப்பனார் ஒன்று சொல்வார். தாயார் ஒன்று சொல்வார். வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் சித்தப்பா தொலைபேசியில் மூன்றாவதாக ஒன்று சொல்வார். ஆயினும் கடைசியில் காரியத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அச்சந்தான். கணக்கென்றால் நடுங்கும் குழந்தை தாவரவியலும் விலங்கியலும் உள்ள பிரிவுக்குப் போகிறது. எலும்புகளின் பெயரையும் இலைகளின் பெயரையும் நெட்டுருப் போட வேண்டுமே என்று மலைக்கும் குழந்தை கணிதமும் கம்ப்யூட்டரும் உள்ள பிரிவுக்குப் போகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பிரிவு ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் அதில் சேருகிறவர்களில் பலர், வைத்தியக் கல்லூரி, என்ஜினீயரிங் கல்லூரி ஆகிய இரண்டு கதவுகளில் ஏதாவதொன்று திறக்கட்டும் என்று காத்திருப்பவர்கள். ஒரு கதவு திறந்தவுடன் மற்ற சாஸ்திரத்தை மறந்துவிடுகிறார்கள்.

கல்லூரிக்குப் போன பிறகு இந்தப் பிரிவினை கற்சுவராகவே ஆகிவிடுகிறது. மூன்று வருஷம் விலங்கியல் படித்துப் பட்டம் பெறும் மாணவி, புள்ளிவிவரக் கணக்கைப் பற்றிய ஒரு பாடத்தைத் தவிர வேறு கணிதம் எதையும் காணாமலே வெளியே வந்துவிடலாம். கணிதத்தில் பட்டம் பெறும் மாணவனோ, ஓர் உயிரணுவைப் பற்றியோ, ஒரு குளத்து மீனைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேளாமல் வந்துவிடலாம். இருபது வருஷத்துக்கு மேலாக உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நாம், நல்ல புத்தியுள்ள குழந்தைகள் பதினைந்து வயதிலேயே அறிவின் ஒரு பாதியைத் தாமாகவே துறந்து செல்வதைப் பார்த்துக்கொண்டு வருகிறோம். இந்தச் சுவரை எழுப்பியவர்கள் நாம். இயற்கை இதை எழுப்பவில்லை. உயிர் நூல் பெரிய முன்னேற்றம் கண்ட பல சமயங்களில் யாரோ ஒருவர் இந்தச் சுவரைத் தாண்டியிருக்கிறார். அந்த வரலாற்றில் நமது தேசத்துக்கும் நமது சென்னைக்கும் சிறந்த பங்கு உண்டு என்பதை நேயர்கள் அறிந்தால், கல்லூரிகளில் இவ்விரு சாஸ்திரங்களையும் சேர்த்தே போதிக்க வேண்டும் என்று நாம் சொல்வதன் காரணம் விளங்கும்.

இருதயமும் பட்டாணியும்

பதினேழாம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பிய வைத்தியர்கள், உண்ட உணவிலிருந்து ஈரலில் ரத்தம் உண்டாகி, உடம்பெங்கும் சென்று செலவழிந்துவிடுகிறது என்று நம்பி வந்தார்கள். பழைய கிரேக்க வைத்தியர் கேலன் சொன்னது அது. இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி என்பவர் 1628-ல் வெளியிட்ட நூலில் ஒரு சிறு பெருக்கல் கணக்குப் போட்டார். ஒரு துடிப்பில் இருதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, அரை மணியில் எத்தனை துடிப்பு என்று இரண்டையும் பெருக்கினார். இன்று நமக்குத் தெரிந்த அளவுகளை வைத்து நேயர்களே இதைச் செய்து பார்க்கலாம். துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர். நிமிஷத்துக்கு 72 துடிப்பு. ஆகவே நிமிஷத்துக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,000 லிட்டருக்கு மேல்! எவ்வளவு பெரிய சாப்பாட்டு ராமனானாலும் இவ்வளவு ரத்தத்துக்கு வேண்டிய உணவை உண்ண முடியுமா? முடியாது. எனவே அதே ரத்தந்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வரவேண்டும். ஹார்வி பிராணிகளை அறுத்துப் பார்த்தவர்தாம். ஆனால் வாதத்தை முடித்து வைத்தது அந்தப் பெருக்கல்.

கிரிகோர் மெண்டல் என்ற ஆஸ்திரியத் துறவியின் கதையும் இப்படியே. வியன்னா சர்வகலாசாலையில் பௌதிகமும் கணிதமும் பயின்றவர் அவர். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை இனங்கலந்து வளர்த்தார். அவருக்கு முன்னும் பலர் செடிகளைக் கலந்து பார்த்ததுண்டு. மெண்டல் விளைந்ததை எண்ணினார். இரண்டாந் தலைமுறையில் கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டையானவை, 1,850 சுருங்கியவை. மூன்றுக்கு ஒன்று! இந்த விகிதத்திலிருந்து, ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு கூறுகள் வருகின்றன என்று அவர் கண்டார். மரபணு என்று இன்று நாம் சொல்வது அந்தக் கூறுதான். 1866-ல் அச்சான அவருடைய கட்டுரையை 1900 வரையில் உலகம் ஏறக்குறைய மறந்தே இருந்தது. தாவர சாஸ்திரிகளுக்கு அதில் இருந்த கணக்கு அந்நியமாகப் பட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்வதுண்டு.

ராமானுஜனின் நண்பர் போட்ட கணக்கு

ஹார்டி என்ற பெயர் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. 1913-ல் சென்னைத் துறைமுகக் குமாஸ்தா ஒருவரின் கடிதத்தைப் படித்து, அவருடைய மேதையை உணர்ந்து, மறு வருஷம் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவர் அவர். அந்தக் கடிதம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்னதாக, 1908-ல், ஹார்டியே ஒரு கடிதம் எழுதினார். அதைப் பற்றி நம்மவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

மேலோங்கி நிற்கும் குணம் ஒன்று தலைமுறைக்குத் தலைமுறை பெருகி, கடைசியில் நாலில் மூன்று பேருக்கு வந்துவிடாதா என்ற ஐயம் அக்காலத்து உயிர் நூலாரிடையே எழுந்திருந்தது. பன்னெட் என்ற உயிர் நூலார், தம்முடன் கிரிக்கெட் ஆடும் ஹார்டியிடம் இதைக் கேட்டார். ஹார்டி நாலைந்து வரியில் விடை கண்டு, 'ஸயன்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகைக்கு அனுப்பினார். ஒரு பெருங்கூட்டத்தில் விவாகங்கள் அந்தக் குணத்தைப் பாராமல் நடந்து வந்தால், வேறு காரணம் எதுவும் குறுக்கிடாத வரையில், மரபணுக்களின் விகிதம் மாறாமலே நிற்கும் என்பது அந்த விடை. ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற வைத்தியரும் அதே வருஷத்தில் அதையே கண்டார். தாம் செய்த கணிதத்தால் உலகுக்கு யாதொரு பயனும் இல்லை என்று 1940-ல் ஹார்டி ஒரு நூலில் எழுதினார். ஆனால் அந்தச் சிறு கடிதம் இன்று பரம்பரை வியாதிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கெல்லாம் அடிப்படையாக இருக்கிறது.

அந்தக் கணக்கு நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் வியாதிகள் பல உண்டு. அத்தகைய வியாதி ஒன்றில், மக்களிடையே உள்ள மரபணுக்களில் நூற்றுக்கு ஒன்று பழுதானது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே பழுதாக அமைவது நூறில் ஒன்றின் நூறில் ஒன்று. அதாவது 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய். ஆனால் ஒரு மரபணு மட்டும் பழுதாகி, தாம் நோயின்றி இருந்துகொண்டே அதைச் சுமப்பவர் எத்தனை பேர்? 10,000-க்கு 198 பேர். ஏறக்குறைய ஐம்பதில் ஒருவர்! ஒரு நோயாளியின் பின்னால் நோயறியாத இருநூறு பேர் நிற்கிறார்கள். எந்த வைத்தியரும் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது, கணக்குத்தான் சொல்லும்.

இனி நமது சம்பந்த முறைகளுக்கு வருவோம். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு ஒரே முன்னோரின் ஒரே மரபணு இரு வழியாலும் வந்து சேர்வதற்கு வாய்ப்பு பதினாறில் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் எட்டில் ஒன்று. மேற்சொன்ன வியாதியில், உறவில்லாதவர் விவாகத்தில் 10,000 குழந்தைகளுக்கு ஒன்றாக இருந்த நோய், மாமன் மகளை மணந்தால் 7 ஆகவும், அக்காள் மகளை மணந்தால் 13 ஆகவும் உயர்கிறது. இது ஒரு வியாதிக்கு உரிய கணக்கு. இத்தகைய வியாதிகளோ அநேகம். இதைக் கேட்டு, ஏற்கெனவே உறவில் விவாகம் செய்துகொண்டவர்கள் கலங்கவேண்டியதில்லை. அவர்களுடைய குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே பிறக்கிறார்கள். ஆயினும் சொத்துப் பிரியக்கூடாது, சொந்தம் விடக்கூடாது என்றெல்லாம் யோசிக்கும் பெரியவர்கள், பதினாறில் ஒன்று, எட்டில் ஒன்று என்னும் இந்த எண்களையும் யோசனையில் சேர்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் உயிர் நூல் படித்த பெண் ஒருத்தி இருந்தும் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை என்றால், அந்தப் படிப்பினால் குடும்பத்துக்கு என்ன லாபம்?

ஒரு நோயாளிக்கு எத்தனை நோயாளி?

1857-ல் அல்மோராவில் பிறந்தவர் ரொனால்ட் ராஸ். இந்திய வைத்திய சேவையில் இருந்த அவர், 1897 ஆகஸ்டு 20-ந் தேதி செகந்திராபாத்தில், ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்காக 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ராஸ் அதற்குப் பிறகு செய்ததுதான் அதிகம் பேருக்குத் தெரியாது.

கொசுவை ஒழித்தால் மலேரியா ஒழியும் என்று ராஸ் சொன்னபோது, உலகத்துக் கொசுக்களையெல்லாம் யாரால் கொல்ல முடியும் என்று பலர் எதிர்வாதம் செய்தார்கள். ராஸ் கணிதத்தில் தீராத ஆசை கொண்டவர். மோரீஸ் தீவைப் பற்றி 1908-ல் வெளியான அறிக்கையிலும், பின்னர் எழுதிய நூலிலும் அவர் கணக்குப் போட்டே பதில் சொன்னார். ஒரு நோயாளியை எத்தனை கொசு கடிக்கும். அவற்றில் கிருமி முதிரும் வரையில் எத்தனை உயிரோடிருக்கும். அவை இன்னும் எத்தனை பேரைக் கடிக்கும் என்று ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டு போனால், ஒரு நோயாளியிடமிருந்து எத்தனை புது நோயாளிகள் தோன்றுவார்கள் என்பது கிடைக்கும். இந்த எண் ஒன்றுக்குக் கீழே போய்விட்டால் வியாதி தானாகவே தேய்ந்து மறையும். ஆகவே எல்லாக் கொசுக்களையும் கொல்ல வேண்டியதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே குறைத்து, அங்கேயே நிறுத்தி வைத்தால் போதும்!

ராஸின் தூண்டுதலால் இந்தத் துறையில் புகுந்தவர் மெக்கென்ட்ரிக் என்ற வைத்தியர். அவரும் இந்திய வைத்திய சேவையில் இருந்து, கசௌலியில் பணி புரிந்தவர். பின்னர் எடின்பரோவில், ஆய்வுச்சாலை விபத்தொன்றில் கண்ணிழந்த கெர்மாக் என்ற ரசாயன சாஸ்திரியுடன் சேர்ந்து, கொள்ளை நோய் பரவும் விதத்துக்குச் சூத்திரம் வகுத்தார். 1927-ல் வெளியான அந்தக் கட்டுரையில், சூத்திரம் மெய்ந்நிகழ்ச்சியோடு பொருந்துகிறதா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது பம்பாய்ப் பிளேக்கின் கணக்கு. 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரையில் அந்நகரத்தில் வாரந்தோறும் மாண்டவர்களின் தொகை வளைகோடாக அதில் வரையப்பட்டிருக்கிறது. நம்மவர் ஆயிரமாயிரமாக மடிந்த துயரம் விஞ்ஞானத்துக்கு ஒரு பாடமாயிற்று.

அந்தச் சூத்திரத்தின் வழித் தோன்றல்களே 2020-ல் கொரோனா வந்தபோது அரசாங்கங்களுக்கு வழி காட்டின. அப்போது பத்திரிகைகளில் தினந்தோறும் அடிபட்ட எண், ராஸ் தேடிய அதே எண்தான். அம்மை ஊசி விஷயத்திலும் அதுவே பேசுகிறது. தட்டம்மை கண்ட ஒருவர், காப்பு இல்லாத ஜனங்களிடையே 12 முதல் 18 பேருக்கு அதை அளிக்கக்கூடும். 15 என்று வைத்துக்கொண்டால், அந்தப் பதினைந்து பேரில் பதினான்கு பேருக்குக் காப்பு இருந்தால்தான் புது நோயாளி ஒருவரோடு நிற்கும். அதாவது நூற்றுக்கு 93 பேருக்கு மேல் காப்பு வேண்டும். "ஊரில் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்கிறார்கள், என் குழந்தைக்கு மட்டும் வேண்டாம்" என்று நூற்றில் பத்துப் பேர் சொன்னால் ஊருக்கே காப்புப் போய்விடும். இது நீதி போதனை அன்று, வகுத்தல் கணக்கு.

கிண்டியில் நடந்தது

இவையெல்லாம் அந்நியர் செய்தவை என்று நேயர்கள் எண்ணக்கூடும். நம் சென்னையிலேயே நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். ஜி. என். ராமச்சந்திரன் பௌதிக சாஸ்திரி, சர் சி. வி. ராமனின் மாணவர். 1952-ல் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகப் பகுதிக்குத் தலைவராக வந்தார். நம் தோலுக்கும் தசைநாருக்கும் எலும்புக்கும் உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். அதன் உருவம் என்ன என்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் பெற்று, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-ரே படங்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். மூன்று இழைகள் சேர்ந்து பின்னிய சடையைப் போல அது முறுக்கிக் கிடக்கிறது என்று 1954-ல் உலகுக்கு அறிவித்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பக்கூடும். எந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும்? இது வடிவ கணிதக் கேள்வி. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் இதைக் கணக்கிட்டு, 1963-ல் ஒரு படமாக வரைந்து வெளியிட்டார்கள். உலகத்தின் எந்த மூலையில் ஒரு புதிய புரதத்தின் உருவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று ராமச்சந்திரன் படத்தில் வைத்துப் பார்ப்பது இன்றும் வழக்கம். கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள யந்திரமா அதற்கு வேண்டியிருந்தது? உயிர் நூலின் கேள்வியைக் கணிதத்தின் கண்ணால் பார்க்கும் பயிற்சிதான் வேண்டியிருந்தது.

கல்லூரியில் என்ன செய்யலாம்?

இந்தக் குறையை உலகம் உணர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம், உயிர் நூல் மாணவர்களுக்குக் கணிதமும் பௌதிகமும் ரசாயனமும் இன்னும் ஆழமாகக் கற்பிக்க வேண்டும் என்று 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நம் தேசத்தில் 2006-ல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையங்களில், முதல் இரண்டு வருஷம் எல்லா மாணவர்களும் கணிதம், பௌதிகம், ரசாயனம், உயிர் நூல் நான்கையும் படிக்கவேண்டும் என்று திட்டம் வகுத்தார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் 2011-ல் தொடங்கிய நான்கு வருஷப் பட்டப் படிப்பிலும் கணிதத்துக்கும் உயிர் நூலுக்கும் சேர்ந்தே இடமளித்தார்கள். ஆனால் இவற்றில் இடம் பெறுகிறவர் மிகச் சிலர். ஜில்லாத் தலைநகரத்துக் கல்லூரியில், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளின் கதி என்ன?

அவர்களுக்கும் இது எட்டாத கனி அன்று. தயிருக்கு உறை ஊற்றுவதைப் பாருங்கள். அரை மணிக்கு ஒரு தரம் இரட்டிக்கும் நுண்ணுயிர் ஒன்று, பத்து மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். பிறகு ஏன் அப்படியே பெருகிக்கொண்டு போகவில்லை? புளிப்பு ஏறுகிறது, உணவு குறைகிறது, பெருக்கம் தளர்கிறது. நுண்கணிதத்தில் வரும் வளர்ச்சிச் சமன்பாட்டை இதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் உண்டோ? கரும்பலகையில் வெறும் எழுத்துக்களாக நின்று மிரட்டிய சூத்திரம், சட்டியிலுள்ள தயிரின் சரித்திரம் என்று தெரிந்தவுடன் அச்சம் பாதி அகன்றுவிடும்.

இன்னொன்று: குளத்தில் எத்தனை மீன் உண்டு? நீரை இறைக்க வேண்டியதில்லை. 60 மீன்களைப் பிடித்து, அடையாளம் இட்டு, மறுபடி விட்டுவிடுவோம். சில நாள் கழித்து 80 மீன்களைப் பிடிக்கிறோம். அவற்றில் 12-ல் அடையாளம் இருக்கிறது. 80-க்கு 12 என்றால் 60 எத்தனைக்கு? 400. இது கணித மாணவனுக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனால் அடையாளமிட்ட மீன்கள் காயத்தால் இறந்துவிடவில்லையா, அவை மற்ற மீன்களோடு நன்றாகக் கலந்தனவா, ஒரே மூலையில் ஒதுங்கிவிட்டனவா என்று கேட்கத் தெரிந்தவள் விலங்கியல் மாணவி. அந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாமல் 400 என்ற விடைக்கு மதிப்பில்லை. சேர்த்துப் போதிப்பதன் சாரம் இதுதான். உயிர் நூலுக்குக் கணிதம் திட்பம் தருகிறது. கணிதத்துக்கு உயிர் நூல் அடக்கம் கற்பிக்கிறது. உயிரைச் சூத்திரத்தில் அடைத்துவிடலாம் என்று இறுமாந்தாலும் பிழை. உயிருக்குக் கணக்கே கிடையாது என்று ஒதுங்கினாலும் பிழை.

செலவைப் பற்றிய ஆட்சேபத்துக்கும் சரித்திரத்தில் விடை உண்டு. கணிதமும் உயிர் நூலும் ஒருங்கே கைவந்த ஆங்கில அறிஞர் ஹால்டேன், 1957-ல் தம் தேசத்தை விட்டு, மஹலனோபிஸ் நிறுவிய கல்கத்தா புள்ளியியல் கழகத்துக்கு வந்தார். பின்னர் இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானார். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்காமல் கண்ணெதிரே இருப்பதை எண்ணுங்கள் என்பது அவர் இங்கே கற்பித்த பாடம். அவருடைய சகா ஒருவர் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணி, ஒரே மரத்தில் அவை எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஆராய்ந்தார். பவழமல்லி நம் தெருவிலும் விடியற்காலையில் உதிர்ந்துதான் கிடக்கிறது.

உபாத்தியாயர்கள் எங்கே என்று கேட்பார்கள். இரண்டும் தெரிந்த ஒருவர் கிடைக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. கணித ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று போதிக்கலாம். ஒருவருக்குத் தெரியாததை மற்றவரிடம் மாணவர் முன்னிலையிலேயே கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது. பன்னெட் ஹார்டியிடம் கேட்டார். அதனால் இருவர் பெயரும் நிலைத்தது.

வாரத்தில் இரண்டு மணி நேரம், இரு பகுதி மாணவர்களும் சேர்ந்து உட்காரும் ஒரு வகுப்பு. இவ்வளவுதான் நாம் கேட்பது. பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர்கள், விடுதி எப்படி, வேலை கிடைக்குமா என்று விசாரிப்பதோடு, இந்த வகுப்பு உண்டா என்றும் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். நூறு பெற்றோர் கேட்டால் கல்லூரி நிர்வாகிகள் யோசிக்கத் தொடங்குவார்கள். அடுத்த கொள்ளை நோய் வரும்போது, நம் ஊரில் போடவேண்டிய கணக்கை நம் ஊர்ப் பெண்ணும் பையனுமே போட்டுச் சொல்ல வேண்டும்.